செல்லுக்குள் சவ்வும் சவ்வும் ஒன்றாவது எப்படி? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செல்லைப் பற்றிய எந்தப் பாடத்திலும் ‘நுண்பை சவ்வோடு இணைகிறது’ என்ற வரி தவறாமல் இருக்கும். அடுத்த வரி வேறொன்றைப் பேசப் போய்விடும். அந்த ‘இணைகிறது’ என்ற ஒற்றை வினைச்சொல்லுக்குள் எத்தனை புரதங்களின் உழைப்பு அடங்கியிருக்கிறது, அந்த உழைப்புக்கான ஆற்றலை யார், எப்போது செலவிடுகிறார்கள் என்பதை விளக்குவதே இந்தப் பக்கத்தின் நோக்கம். மாணவர்களும் பொது வாசகர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை ஒட்டியே இது எழுதப்பட்டுள்ளது.

சவ்வு இணைவு என்றால் என்ன? செல்லுக்குள் அது எங்கெல்லாம் நடக்கிறது?

தனித்தனியாக இருந்த இரண்டு சவ்வுகள் ஒரே தொடர்ச்சியான சவ்வாக மாறி, அவை சூழ்ந்திருந்த இரண்டு அறைகளும் ஒரே அறையாவதைத்தான் சவ்வு இணைவு என்கிறோம். இரண்டு பைகள் ஒட்டிக்கொண்டு நிற்பது இணைவு ஆகாது. உள்ளிருக்கும் பொருள்கள் ஒன்றோடொன்று கலக்க வேண்டும்.

நம் செல்களில் இது நிகழாத நொடியே இல்லை. புதிதாகத் தயாரான புரதங்களைச் சுமந்துகொண்டு எண்டோபிளாச வலையிலிருந்து கிளம்பும் நுண்பைகள் கோல்கை உறுப்போடு இணைகின்றன. அங்கிருந்து கிளம்புபவை செல்லின் வெளிச்சவ்வோடு இணைந்து தம் சரக்கை வெளியே விடுகின்றன. கணையத்தின் பீட்டா செல்கள் இன்சுலினை இரத்தத்தில் சேர்ப்பது இந்த வழியில்தான். செல் விழுங்கிய கிருமியைக் கொண்ட பை, செரிமான நொதிகள் நிறைந்த லைசோசோமோடு இணைந்தால்தான் அந்தக் கிருமி அழியும். காசநோய்க் கிருமி உயிர் பிழைத்திருப்பதற்கு, இந்தக் கடைசி இணைவை அது தடுத்துவிடுவது ஒரு முக்கியமான காரணம்.

எண்ணெய்த் துளிகள் தாமாகவே ஒன்று சேர்கின்றனவே. கொழுப்பாலான சவ்வுகளுக்கு மட்டும் புரதத்தின் உதவி எதற்கு?

நல்ல கேள்வி. ரசத்தின் மேல் மிதக்கும் இரண்டு எண்ணெய்த் துளிகளைக் கரண்டி முனையால் நெருக்கிவிட்டால் அவை சட்டென்று ஒன்றாகிவிடும். காரணம், எண்ணெய்த் துளியின் விளிம்பில் இருப்பதும் எண்ணெயே. இரண்டு துளிகளுக்கும் நடுவே நீரைப் பிடித்து நிறுத்துவதற்கு எதுவும் இல்லை.

சவ்வின் கதை வேறு. அது சுமார் 4 முதல் 5 நானோமீட்டர் தடிமன் கொண்ட இரட்டைத் தாள். ஒவ்வொரு கொழுப்பு மூலக்கூறுக்கும் நீரை விரும்பும் தலையும் நீரை வெறுக்கும் வால்களும் உண்டு. வால்கள் உள்ளே ஒளிந்துகொள்ள, தலைகள் இருபுறமும் நீரைப் பார்த்து நிற்கின்றன. ஆகவே எந்தச் சவ்வின் மேற்பரப்பிலும் தலைகளைப் பற்றிக்கொண்டு ஒரு மெல்லிய நீர்ப்போர்வை இருக்கும். இரண்டு சவ்வுகளை ஒன்றிரண்டு நானோமீட்டர் அளவுக்கு நெருக்க வேண்டுமானால் அந்த நீரை நடுவிலிருந்து பிழிந்து வெளியேற்றியாக வேண்டும். அதற்குப் பிறகும் சிக்கல் தீர்வதில்லை. ஒழுங்காக அடுக்கப்பட்ட மூலக்கூறுகள் ஒரு கணம் வரிசை குலைந்து, ஒளிந்திருந்த வால்கள் வெளியே தலைகாட்ட வேண்டும். இவை இரண்டுக்கும் சேர்த்துத் தேவைப்படும் ஆற்றல், உடல் வெப்பத்தில் மூலக்கூறுகள் இயல்பாகப் பெற்றிருக்கும் அசைவாற்றலைப் போலப் பல பத்து மடங்கு. தற்செயலாக நடக்கட்டும் என்று செல் காத்திருந்தால் அது நடக்கவே நடக்காது என்று சொல்லிவிடலாம்.

இந்தத் தடை செல்லுக்கு ஒரு வரம் என்றே நினைக்கிறேன். சவ்வுகள் எளிதில் இணையக்கூடியவையாக இருந்திருந்தால், செல்லுக்குள் இருக்கும் அறைகள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து ஒரே பையாகிப் போயிருக்கும். தடை இருப்பதால்தான் எது, எங்கே, எப்போது இணையலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் புரதங்களின் கையில் இருக்கிறது.

இணைவு ஒரே எட்டில் நடந்து முடிகிறதா, படிப்படியாக நடக்கிறதா?

படிப்படியாகத்தான். முதலில், ஒன்றையொன்று பார்த்து நிற்கும் இரண்டு தாள்கள் மட்டும் ஒரு சிறு புள்ளியில் கலந்து, மணற்கடிகாரத்தின் இடுப்பைப் போன்ற ஒரு தண்டை உருவாக்குகின்றன. இந்த நிலையை அரை இணைவு என்பார்கள். சவ்வின் ஒரு பாதி கலந்துவிட்டது, ஆனால் உள்ளிருக்கும் பொருள்கள் இன்னும் கலக்கவில்லை. பிறகு தண்டு அகன்று, மீதியிருக்கும் உட்புறத் தாள்களும் கலந்து, நடுவில் ஒரு சிறு துளை திறக்கிறது. அந்தத் துளை விரிந்த பின்பே சரக்கு முழுவதும் வெளியேறும்.

ஸ்நேர் புரதங்கள் என்று சொல்கிறார்களே, அவை யாவை?

செல்லுக்குள் நடக்கும் நுண்பை இணைவுகளில் இழுக்கும் வேலையைச் செய்பவை இவைதாம். மனித செல்களில் 30-க்கும் மேற்பட்ட ஸ்நேர்கள் உள்ளன. அவற்றில் மிக நன்றாக ஆராயப்பட்டவை நரம்பு நுனியில் இருக்கும் மூன்று. நுண்பையின் மேல் இருப்பது சினாப்டோபிரெவின், 116 அமினோ அமிலங்கள் கொண்ட சிறிய புரதம். நரம்பு நுனியின் வெளிச்சவ்வில் இருப்பவை சின்டாக்சின், ஸ்நாப்-25 ஆகிய இரண்டும். சினாப்டோபிரெவினும் சின்டாக்சினும் தம் வால் முனையைச் சவ்வுக்குள் ஊன்றி நிற்கின்றன. ஸ்நாப்-25 அப்படி ஊன்றுவதில்லை. தன் நடுப்பகுதியில் ஒட்டப்பட்ட கொழுப்பு அமிலங்களைக் கொண்டு சவ்வின் உட்புறத்தைப் பற்றிக்கொள்கிறது.

பெயரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பின்னால் வரப்போகும் ஆல்ஃபா-ஸ்நாப் என்பது முற்றிலும் வேறொரு புரதம். இரண்டு பெயர்களும் வெவ்வேறு சொற்றொடர்களின் சுருக்கங்கள். தற்செயலாக ஒரே எழுத்துகளில் வந்து முடிந்தன. இந்தப் பெயர்க் குழப்பத்தால் தேர்வில் மதிப்பெண் இழந்த மாணவர்கள் ஏராளம்.

இவ்வளவு சிறிய புரதங்கள் இரண்டு சவ்வுகளை இழுத்துச் சேர்ப்பது எப்படி?

கயிறு திரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தனியாக இருக்கும்போது ஸ்நேர்களின் முக்கியப் பகுதிக்கு உறுதியான வடிவம் கிடையாது. அவிழ்ந்த நார் போலத் தளர்ந்து கிடக்கும். நுண்பை சவ்வுக்கு அருகில் வந்ததும் சினாப்டோபிரெவினிலிருந்து ஒரு புரி, சின்டாக்சினிலிருந்து ஒரு புரி, ஸ்நாப்-25-லிருந்து இரண்டு புரிகள் என நான்கும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு நாற்புரிக் கயிறாகத் திரள்கின்றன. தளர்ந்து கிடந்த நார்கள் சுமார் 12 நானோமீட்டர் நீளமுள்ள விறைப்பான கட்டாக மாறிவிடுகின்றன.

இதில் கவனிக்க வேண்டியது திசை. நான்கு புரிகளும் ஒரே பக்கம் தலைவைத்துப் படுத்திருக்கின்றன. 1997-இல் மின்னணு நுண்ணோக்கியில் இதைக் காணும்வரை, சினாப்டோபிரெவினும் சின்டாக்சினும் எதிரெதிர்த் திசையில் படுத்திருக்கக்கூடும் என்ற எண்ணமும் இருந்தது. அப்படி இருந்திருந்தால் ஒன்றின் ஊன்றுமுனை கட்டின் இந்தக் கோடியிலும் மற்றொன்றின் ஊன்றுமுனை அந்தக் கோடியிலும் நிற்கும். சவ்வுகளுக்கு நடுவே கட்டு ஒரு கழி போல இடைவெளியைக் காத்துக்கொண்டிருக்கும். ஒரே திசையில் படுத்திருப்பதால்தான் இரண்டு ஊன்றுமுனைகளும் ஒரே கோடியில் வந்து சேர்கின்றன. திரிதல் சவ்விலிருந்து தொலைவில் உள்ள முனையில் தொடங்கி, பையின் ஜிப்பை இழுத்து மூடுவதுபோலச் சவ்வை நோக்கி முன்னேறுகிறது. ஒவ்வொரு சுற்று இறுகும்போதும் சவ்வுகள் இன்னும் சற்று நெருங்குகின்றன.

இந்தக் கட்டின் அணு அமைப்பை ஆக்ஸல் புருங்கர், ரெய்ன்ஹார்ட் யான் ஆகியோரின் குழுக்கள் சேர்ந்து 1998-இல் வெளியிட்டன. கட்டின் நெடுக 16 அடுக்குகள். ஏறக்குறைய எல்லா அடுக்குகளிலும் நீரை வெறுக்கும் அமினோ அமிலங்கள் உள்நோக்கித் திரும்பி, நீர் புகாமல் இறுகியிருக்கின்றன. ஆனால் சரியாக நடுவில் ஓர் அடுக்கு மட்டும் வேறுபட்டது. மூன்று புரிகளிலிருந்து ஆளுக்கொரு குளுட்டமினும், சினாப்டோபிரெவினிலிருந்து ஓர் ஆர்ஜினினும் அங்கே கைகோத்து நிற்கின்றன. புரிகள் முன்னும் பின்னும் வழுக்கிவிடாமல் சரியான இடத்தில் பொருந்துவதற்கான அடையாளக் குறியாக இது உதவுகிறது என்று கருதப்படுகிறது. ஈஸ்ட் முதல் மனிதன் வரை ஏறத்தாழ எல்லா ஸ்நேர் கட்டுகளிலும் இந்த ‘மூன்றுக்கு ஒன்று’ என்ற அமைப்பு காக்கப்பட்டிருப்பது எனக்கு எத்தனை முறை படித்தாலும் வியப்பாகவே இருக்கிறது. 2009-இல் வெளிவந்த மற்றோர் அமைப்பு, புரிகளின் சுருள் கட்டோடு முடிந்துவிடாமல் சவ்வுக்குள் ஊன்றிய பகுதிவரை தொடர்வதைக் காட்டியது. அதாவது, கயிறு இறுகும் விசை நேராகச் சவ்வுக்குள் சென்று சேர்கிறது.

கட்டு எவ்வளவு உறுதியானது என்பதை ஆய்வகத்தில் கண்ணாலேயே பார்க்கலாம். எஸ்டிஎஸ் என்ற சலவைப்பொருள் பெரும்பாலான புரதக் கூட்டங்களைக் கலைத்துவிடும். ஸ்நேர் கட்டுள்ள ஒரே கரைசலை இரண்டாகப் பிரித்து, இரண்டிலும் எஸ்டிஎஸ் சேர்த்து, ஒன்றை மட்டும் கொதிக்கவைத்து, ஜெல்லில் பக்கத்துப் பக்கத்தில் ஓடவிடுவார்கள். கொதித்த தடத்தில் மூன்று புரதங்களும் தனித்தனிக் கோடுகளாக இறங்கியிருக்கும். கொதிக்காத தடத்திலோ கட்டு பிரியாமல் மேலே ஒரே கோடாக நிற்கும்.

அப்படியானால் இணைவுக்கான ஆற்றல், செல்லின் பொது எரிபொருளான ஏடிபி-யிலிருந்து வருகிறதா, இல்லையா?

வருகிறது. ஆனால் பலரும் நினைக்கும் நேரத்தில் அல்ல. இந்தத் துறையில் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஜேம்ஸ் ராத்மனின் ஆய்வகம் செல்லை உடைத்து, கோல்கை உறுப்பின் அறைகளுக்கு இடையே நடக்கும் போக்குவரத்தைச் சோதனைக் குழாயிலேயே நடத்திக் காட்டியது. என்-எத்தில்மாலிமைடு என்ற வேதிப்பொருளைச் சேர்த்தால் அந்தப் போக்குவரத்து நின்றுவிட்டது. அதனால் முடங்கிப்போன புரதத்தைத் தேடிப் பிரித்தெடுத்து 1988-இல் என்எஸ்எஃப் என்று பெயரிட்டார்கள். தன்னை முடக்கிய நஞ்சின் பெயரையே அந்தப் புரதம் இன்றுவரை சுமக்கிறது. என்எஸ்எஃப், ஆறு அலகுகள் வளையமாக அமைந்த, ஏடிபி-யைச் செலவிடும் எந்திரம். ஆல்ஃபா-ஸ்நாப் அதன் துணைப் புரதம். இவ்விரண்டும் சவ்வில் எதைப் பற்றுகின்றன என்று மாட்டு மூளையின் சாற்றில் தேடியபோதுதான், 1993-இல், மேலே சொன்ன மூன்று நரம்புப் புரதங்களும் வலையில் சிக்கின. ஸ்நேர் என்ற பெயருக்கே ‘ஸ்நாப்பைப் பற்றும் இடம்’ என்றுதான் பொருள்.

என்எஸ்எஃப் இல்லையேல் இணைவு இல்லை, அது ஏடிபி-யைச் செலவிடுகிறது என்று தெரிந்ததும், இணைவை நடத்துவது என்எஸ்எஃப்-தான் என்று முதலில் எண்ணியது இயல்பே. ஈஸ்ட் செல்லின் வெற்றிடப்பைகளைக் கொண்டு வில்லியம் விக்னரின் ஆய்வகம் 1996-இல் செய்த சோதனைகள் அந்த எண்ணத்தை மாற்றின. என்எஸ்எஃப்-இன் ஈஸ்ட் வடிவமான செக்18, பைகள் ஒன்றையொன்று தொடுவதற்கு முன்பே தன் வேலையை முடித்துவிடுகிறது. அதன் பிறகு அதைத் தடுத்தாலும் இணைவு நிற்பதில்லை. 1998-இல் ராத்மனின் குழு, செயற்கைக் கொழுப்புப் பைகளில் ஸ்நேர்களை மட்டும் பதித்து, ஏடிபி-யோ என்எஸ்எஃப்-போ இன்றியே அவை இணைவதைக் காட்டியது. வேகம் மிகக் குறைவு. ஆனாலும் இணைந்தன.

ஆகவே கணக்கு இதுதான். இணைவு நடக்கும் கணத்தில் வேலை செய்வது, நான்கு புரிகள் கயிறாகத் திரளும்போது வெளிப்படும் ஆற்றல். இணைவு முடிந்தபின் அந்தக் கயிறு ஒரே சவ்வில், இறுகிய நிலையில் பயனற்றுக் கிடக்கிறது. அது தானாக அவிழாது, கொதிக்கவைத்தால்தான் பிரியும் என்று பார்த்தோமே! உடலின் வெப்பநிலையில் அதை அவிழ்த்துத் தருவது என்எஸ்எஃப். அந்த அவிழ்ப்புக்குத்தான் ஏடிபி செலவாகிறது. நாணை இழுத்து வில்லை வளைப்பவன் ஒருவன், அம்பு பாய்வது வேறொரு நேரம். வளைத்தபோது செலவழித்த வலிமையே பின்னர் அம்பில் வெளிப்படுகிறது. செல், இணைவுக்கான விலையை முன்கூட்டியே கட்டி, தளர்ந்த ஸ்நேர்களில் சேமித்து வைத்திருக்கிறது.

இதே புரதங்களை முற்றிலும் வேறு வழியில் எட்டியவர் ராண்டி ஷெக்மன். 1979 முதல் அவரும் பீட்டர் நோவிக்கும், மரபணு மாறியதால் சுரக்கும் திறன் கெட்டுப்போன ஈஸ்ட் வகைகளைத் தேடிச் சேர்த்தார்கள். 1980-இல் அந்தப் பட்டியலில் 23 மரபணுக்கள் இருந்தன. செக்18 அவற்றுள் ஒன்று. ஈஸ்டிலும் பாலூட்டிகளிலும் ஒரே எந்திரம் இயங்குகிறது என்பது அந்த ஒப்பீட்டில்தான் உறுதியாயிற்று. ராத்மன், ஷெக்மன், தாமஸ் சூடாஃப் ஆகிய மூவருக்கும் 2013-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

எந்த நுண்பை எந்தச் சவ்வோடு இணைய வேண்டும் என்று எப்படித் தெரிகிறது?

இதற்கு ஒரே காவலர் இல்லை. ராப் என்னும் சிறு புரதங்கள் ஒவ்வொரு சவ்வுக்கும் முகவரி போல அமைகின்றன. மனிதரில் இவை 60-க்கும் மேல் உள்ளன. முகவரியைப் படித்து, வரும் பையைத் தொலைவிலேயே பற்றி நிறுத்துபவை கட்டுத்தறிப் புரதங்கள். செல் விழுங்கியவை முதலில் சேரும் அறையான எண்டோசோமில் உள்ள இஇஏ1 என்ற புரதம் ஏறத்தாழ 200 நானோமீட்டர் நீளம் கை நீட்டக்கூடியது. கடைசிச் சரிபார்ப்பு ஸ்நேர்களிடம் உள்ளது. பொருந்தாத புரிகள் சரியாகத் திரள்வதில்லை. ஸ்நேர்களின் பொருத்தம் மட்டுமே முகவரியைத் தீர்மானிக்கிறது என்ற தொடக்ககாலக் கருத்தை இன்று அப்படியே ஏற்க முடியாது. சோதனைக் குழாயில் பல ஸ்நேர்கள் தம் வழக்கமான இணையல்லாதவற்றோடும் கட்டு சேர்கின்றன.

நரம்பு நுனியில் மட்டும் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்குள் இணைவு முடிந்துவிடுகிறதே, எப்படி?

ஏனென்றால் அங்கே வேலை முக்கால்வாசி முன்பே முடிந்திருக்கிறது. சுமார் 40 நானோமீட்டர் விட்டமுள்ள நுண்பைகள் சவ்வோரத்தில் வந்து, ஸ்நேர்கள் பாதி திரிந்த நிலையில் காத்து நிற்கின்றன. காம்ப்ளெக்சின் என்ற சிறு புரதம் அந்தப் பாதிக் கயிற்றின் பக்கவாட்டில் படிந்து, முன்கூட்டியே வெடித்துவிடாமல் பிடித்து வைக்கிறது. அதே புரதம் உரிய நேரத்தில் இணைவுக்கு உதவவும் செய்கிறது என்பதால் அதன் பங்கைப் பற்றிய விவாதம் ஓயவில்லை.

நரம்புத் துடிப்பு வந்ததும் கால்சியம் வாயில்கள் திறக்கின்றன. செல்லுக்கு வெளியே கால்சியத்தின் செறிவு உள்ளே இருப்பதைவிடச் சுமார் 10,000 மடங்கு அதிகம். எனவே வாயிலருகே அது வெள்ளமாகப் பாய்கிறது. அதை உணர்வது நுண்பையின் மேலுள்ள சினாப்டோடாக்மின். அதன் இரண்டு தலைப்பகுதிகளில் ஒன்று மூன்று கால்சியம் அயனிகளையும் மற்றொன்று இரண்டையும் பற்றுகின்றன. பற்றிய கணமே அந்தத் தலைகளின் நுனிகள் எதிரிலிருக்கும் சவ்வுக்குள் அமிழ்ந்து அதை வளைக்கின்றன. காம்ப்ளெக்சினின் பிடி தளர, கயிற்றின் மீதிப்பாதி இறுகுகிறது.

பல அயனிகள் ஒன்றுசேர்ந்தால்தான் வேலை நடக்கும் என்பது சினாப்டோடாக்மின் தெரியவருவதற்கு வெகுமுன்பே அளவில் வெளிப்பட்டிருந்தது. தவளையின் நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் 1967-இல் டாட்ஜும் ரஹமிமாஃபும் அளந்தபோது, குறைந்த செறிவுகளில், நுண்பைகளின் சரக்கான நரம்புக்கடத்தியின் வெளியேற்றம் கால்சியத்தின் நான்காம் அடுக்கையொட்டி உயர்வதைக் கண்டார்கள். கால்சியம் இரண்டு மடங்கானால் வெளியேற்றம் ஏறத்தாழ 16 மடங்கு! இத்தகைய செங்குத்தான உணர்வு இருப்பதால்தான் துடிப்பு வந்தால் உடனே திறக்கவும், கால்சியம் சற்று வடிந்ததும் உடனே நிற்கவும் முடிகிறது.

சூடாஃபின் ஆய்வகம் 1994-இல் சினாப்டோடாக்மின்-1 இல்லாத எலிகளை உருவாக்கியபோது, துடிப்போடு உடனடியாக நடக்கும் வெளியேற்றம் மட்டும் மறைந்துபோனது. மெதுவான வெளியேற்றம் எஞ்சியிருந்தது. அப்படியும் அது உணர்கருவி என்பதற்கு நேரடிச் சான்று வேண்டும் என்ற வாதம் இருந்தது. 2001-இல் அந்தப் புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலத்தை மாற்றி, கால்சியத்தைப் பற்றும் திறனை ஏறக்குறையப் பாதியாக்கினார்கள். வெளியேற்றத்தின் கால்சிய உணர்வும் அதே அளவில் குறைந்தது. ஒரு புரதத்தை முழுவதுமாக நீக்கிப் பார்ப்பதைவிட, அதன் ஒரு குணத்தை மட்டும் சற்றே திருகிப் பார்ப்பது எவ்வளவு வலுவான சான்று என்பதற்கு இந்தச் சோதனையையே நான் எடுத்துக்காட்டாகச் சொல்வேன்.

மங்க்-18, மங்க்-13 என்ற பெயர்களும் அடிபடுகின்றன. அவை எதற்கு?

ஸ்நேர்களைச் சரியான முறையில் கயிறாகத் திரிக்கத் தொடங்கிவைப்பவை இவை. மங்க்-18 முதலில் சின்டாக்சினை மூடிய நிலையில் பிடித்துவைக்கிறது. மங்க்-13 அதைத் திறந்துவிட உதவுகிறது. பிறகு திரளும் கட்டைத் தாங்கி நிற்பதிலும் மங்க்-18-க்குப் பங்குண்டு. இதைத் துணைப் புரதம் என்று ஒதுக்கிவிட முடியாது. அதன் நரம்பு செல் வகையான மங்க்-18-1 இல்லாத எலிக்கருவில் மூளை ஏறத்தாழ இயல்பாகவே உருவாகிறது, நரம்புகள் ஒன்றையொன்று சந்திக்கின்றன, ஆனால் அவற்றில் ஒன்றிலிருந்தும் ஒரு நுண்பைகூடத் தன் சரக்கை வெளியிடுவதில்லை. 2000-ஆம் ஆண்டில் வெளியான இந்த முடிவு, சினாப்டோடாக்மினை நீக்கியபோது கண்டதைவிடக் கடுமையானது.

ஒரு நுண்பைக்கு எத்தனை ஸ்நேர் கட்டுகள் தேவை?

ஒரு நுண்பையில் சுமார் 70 சினாப்டோபிரெவின்கள் இருக்கின்றன. ஆனால் தேவைப்படுபவை மிகக் குறைவு. செயற்கைப் பைகளில் ஒரே கட்டு போதுமென்றும், நரம்பு செல்களில் விரைவான வெளியேற்றத்துக்கு குறைந்தது இரண்டு அல்லது மூன்று கட்டுகள் வேண்டுமென்றும் வெவ்வேறு சோதனைகள் காட்டியுள்ளன.

எல்லாச் சவ்வு இணைவும் ஸ்நேர்களால்தான் நடக்கிறதா?

இல்லை. மைட்டோகாண்ட்ரியாக்கள் அடிக்கடி ஒன்றோடொன்று இணைகின்றன. அவற்றின் வெளிச்சவ்வை மைட்டோஃபியூசின்களும் உட்சவ்வை ஓபிஏ1-உம் இணைக்கின்றன. எண்டோபிளாச வலையின் குழாய்களை ஒன்றோடொன்று பின்னுவது அட்லாஸ்டின். இவை ஸ்நேர்களைப் போல விலையை முன்கூட்டிக் கட்டுவதில்லை. ஜிடிபி என்ற எரிபொருளை இணைவின்போதே செலவிட்டுத் தம் வடிவத்தை மாற்றிக்கொள்கின்றன.

வைரஸ்களும் செல்லின் சவ்வோடு இணைந்தே உள்ளே நுழைகின்றன. இன்ஃபுளுயன்சா வைரஸின் மேற்பரப்புப் புரதமான ஹீமக்ளுட்டினின், செல் விழுங்கிய பைக்குள் அமிலத்தன்மை உயர்ந்து பிஎச் 5-ஐ ஒட்டி வரும்போது, மடக்கிவைத்த சுருள்வில் போல விரிந்து, தன் நுனியைச் செல்லின் சவ்வில் குத்தி, பிறகு பின்னோக்கி மடங்கி இரண்டையும் இழுக்கிறது. சுருள்கள் கட்டாகத் திரண்டு சவ்வுகளை நெருக்கும் முறை ஸ்நேர்களை ஒத்திருக்கிறது. ஆனால் அதை மீண்டும் மடக்கிவைக்க அங்கே என்எஸ்எஃப் போன்ற ஒன்று இல்லை. ஒருமுறை விரிந்தால் அதோடு அதன் பணி முடிந்தது.

இந்தப் புரதங்களில் பிறவியிலேயே பிழை இருந்தால் என்ன ஆகும்?

எந்தப் புரதம் என்பதைப் பொறுத்தது. மங்க்-18-1-இன் மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதானாலே குழந்தைக்குக் கடுமையான வலிப்பும் வளர்ச்சித் தாமதமும் ஏற்படக்கூடும். மங்க்-13-4, சின்டாக்சின்-11, மங்க்-18-2 ஆகியவற்றில் இரண்டு பிரதிகளும் பழுதானால், நோயெதிர்ப்பு செல்கள் தம் நச்சுப் பைகளை எதிரியின் மேல் சரிவரக் கொட்ட முடியாமல், நோயெதிர்ப்பு மண்டலமே கட்டுக்கடங்காமல் பொங்கும் ஒரு கொடிய பரம்பரை நோய் வருகிறது. மைட்டோஃபியூசின்-2 பழுதானால் கைகால் நரம்புகளும், ஓபிஏ1 பழுதானால் பார்வை நரம்பும் நலிகின்றன.

பாட்டுலினம் நஞ்சும் டெட்டனஸ் நஞ்சும் ஸ்நேர்களையே தாக்குகின்றன என்கிறார்கள். பிறகு ஏன் ஒன்று தசையைத் தளர்த்துகிறது, மற்றது விறைக்க வைக்கிறது?

இரண்டும் புரதத்தை வெட்டும் நொதிகள். 1992-இல் இத்தாலியில் ஸ்கியாவோ, மாண்டேகுக்கோ ஆகியோரின் குழு கண்ட உண்மை திகைக்க வைப்பது. டெட்டனஸ் நஞ்சும் பி வகைப் பாட்டுலினம் நஞ்சும் சினாப்டோபிரெவினில் ஒரே இடத்தில், 76-ஆவது அமினோ அமிலத்துக்கும் 77-ஆவதுக்கும் இடையே உள்ள அதே பிணைப்பை வெட்டுகின்றன. அழகுச் சிகிச்சையிலும், மாறுகண், தசை இறுக்கம் ஆகியவற்றுக்கான மருத்துவத்திலும் பெரிதும் பயன்படும் ஏ வகை, ஸ்நாப்-25-இன் 206 அமினோ அமிலங்களில் கடைசி ஒன்பதை மட்டும் நறுக்கிவிடுகிறது. கயிற்றின் சவ்வோர முனை கடைசிவரை இறுக முடியாமல் போவதற்கு அதுவே போதும். இந்த நஞ்சுகள் தளர்ந்திருக்கும் ஸ்நேர்களைத்தான் வெட்டுகின்றன. முழுவதும் திரிந்த கட்டை அவற்றால் தொட முடியாது.

வெட்டு ஒன்றே, இடம்தான் வேறு. பாட்டுலினம் நஞ்சு தசையை இயக்கும் நரம்பின் நுனியிலேயே தங்கி வேலை செய்கிறது. தசைக்குச் செய்தி போவதில்லை, தசை தளர்கிறது. டெட்டனஸ் நஞ்சு அதே நரம்பின் வழியே மேலேறித் தண்டுவடத்தை அடைந்து, அங்கே தசையை அடக்கிவைக்கும் நரம்புகளுக்குள் புகுந்து அவற்றின் நுண்பைகளை முடக்குகிறது. அடக்குவார் இல்லாததால் தசைகள் எல்லாம் ஒருசேர இறுகுகின்றன. தாடை பூட்டிக்கொள்வதும் முதுகு வில்லாக வளைவதும் அதனால்தான். தமிழ்நாட்டில் ரணஜன்னி என்றும் இலங்கையில் ஏற்புவலி என்றும் சொல்லப்படும் நோய் இதுவே.

அப்படியானால் டி.டி. ஊசி ஸ்நேர்களை எப்படிக் காப்பாற்றுகிறது?

நரம்புக்குள் போய் அது எதையும் காப்பாற்றுவதில்லை. ஊசியில் இருப்பது வீரியம் நீக்கப்பட்ட டெட்டனஸ் நஞ்சு. அதற்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள்கள் இரத்தத்திலும் திசுக்களிலும் உலவிக்கொண்டிருந்து, உண்மையான நஞ்சு வரும்போது அது நரம்பைத் தொடுவதற்கு முன்பே அதைப் பற்றிக்கொள்கின்றன. நஞ்சு நரம்புக்குள் நுழைந்துவிட்டால் எந்த எதிர்ப்பொருளாலும் அதை எட்ட முடியாது. நோய் வந்தபின் செலுத்தும் எதிர்ப்பு இம்யூனோகுளோபுலினும் இன்னும் நுழையாத நஞ்சையே மடக்கும். ஏற்கெனவே பாதிக்கப்பட்ட நரம்பு நுனிகள் மீண்டு வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை நோயாளியின் மூச்சைத் தாங்கிப் பிடிப்பதே மருத்துவம்.

கர்ப்பிணிகளுக்கு இந்த ஊசியைப் போடுவதற்குக் காரணம், தாயின் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியே குழந்தையைச் சேர்ந்து, தொப்புள்கொடி அறுத்த புண்ணில் கிருமி வளர்ந்தாலும் அதன் நஞ்சு குழந்தையின் நரம்புகளை அடையாமல் தடுப்பதுதான். சுத்தமான பிரசவமும் இந்த ஊசியும் சேர்ந்து பரவியதன் பயனாக, தாய்மார்களையும் பச்சிளங்குழந்தைகளையும் தாக்கும் டெட்டனஸ் இந்தியாவில் ஒழிக்கப்பட்ட நிலையை எட்டியதை உலக சுகாதார நிறுவனம் 2015-இல் உறுதி செய்தது.